எங்க ஐயருக்கு வராத பெரிய கோயில்

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. அந்த மூட்டையைத் தூக்கி மேல வையேன், அதுக்கும் சேத்தா ரயில் டிக்கெட் எடுத்திருக்கே? ம், இப்பச் சரி. பிள்ளை யாரு, ஆம்பிளைப் பிள்ளையா? திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போறியளாக்கும். போடுங்க, போடுங்க. நல்லாச் சுருள் சுருளா முடி வச்சிருக்கான், அது ஒங்க சாமிக்குப் பொறுக்கல போல. கோவிச்சிக்கிடாதே, சும்மா சொன்னேன். நான் யாரையும் மனசு நோவப் பேசுதவ கிடையாது.

ஆமா, வேதக்காரிதான், கிறிஸ்தவப் பொம்பளை. நெத்தியைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டியே. ஆனா சும்மா வேதக்காரி இல்ல, ஐயரம்மா. பிராமண ஐயர் இல்ல தாயி, எங்க கோயில்ல ஆராதனை நடத்துத குருவை நாங்க ஐயர்னுதான் கூப்பிடுதது. எங்க வீட்டுக்காரவிய அதுதான். கனம் சுவிசேஷமுத்து ஐயர். பேருக்கு முன்னால கனம்னு போடுவாவ. வீட்டுல வேற எதுவும் கனமா இருந்து நான் பாத்ததில்ல.

எங்க போயிட்டு வாரேன்னு கேக்கியா? கேக்கலியா? சரி, சொல்லுதேன். அத்தியட்சர் துரையைப் பாத்துட்டு வாரேன். ஜில்லாவுக்குக் கலெக்டர் மாதிரி எங்க ஐயருமாருக்கு எல்லாம் மேல உள்ள வெள்ளைக்காரர் அவிய. யாரு எந்த ஊருக்குப் போவணும், யாரு எங்க கிடந்து சாவணும்னு அவியதான் எழுதுதது. பட்டணத்துப் பெரிய கோயில் காலியா இருக்கு. கோபுரம் வச்ச கோயில், கடிகாரம் வச்ச கோபுரம், குழாயைத் திருகினா தண்ணி கொட்டுத வீடு. எங்க ஐயருக்கு ஓய்வு கொடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இப்பக் கிடைச்சாத்தான் உண்டு. அவிய வாயைத் தெறந்து கேக்க மாட்டாவ. அதான் அக்கா மகளுக்குப் பேறுகாலம், திரும்பி வரப் பத்து நாள் ஆவும்னு சொல்லிட்டு நேத்துக் கிளம்பினேன். அக்கா மகளுக்குப் போன வருசமே பிள்ளை பொறந்துட்டு. எங்க ஐயருக்கு அதெல்லாம் ஞாபகமா இருக்கப் போவுது?

என்ன? எங்களுக்காக வேண்டிக்கிடுதியா? ஒங்க முருகன்கிட்டயா? அய்யய்ய, வேண்டாம் தாயி. எங்க கோயில் உத்தியோகத்தை ஒங்க கோயில்ல போயி கேக்கதா? வெளிய தெரிஞ்சா எங்க ஐயரோட அங்கியைக் கழத்திருவாவ. ... சரி, ஒன் வாயை நான் பிடிக்க முடியுமா? வேண்டிக்கோ. சத்தம் போட்டு வேண்டாதே.

எங்க ஐயரும் தேவிரக்கம் ஐயரும் ஒரே நாள்ல குருப்பட்டம் வாங்கினாவ. ஒரே தையக்காரன் தச்ச அங்கி. தேவிரக்கம் ஐயர் இப்ப மாடி வீட்டுல இருக்காரு. எங்க ஐயர் தேரியில இருக்காவ. செம்மண்ணு மேடு மேடாக் கிடக்க தேரி பாத்திருக்கியா? காத்தடிச்சா சோத்துல மண்ணு, மழை பேஞ்சா... மழை என்னைக்குப் பேஞ்சுது? தேவிரக்கம் ஐயர் பிரசங்கம் பண்ணினா முன்வரிசை கொட்டாவி விடும், பின்வரிசை எந்திரிச்சுப் போயிரும். ஆனா துரை குதிரையை விட்டு இறங்கும்போது குடையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அவருக்குத் தெரியும். துரை ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் தெறந்தாப் போதும், அதுக்கு முந்தியே சிரிச்சிருவாரு. தான் சொல்ல வந்தது வேடிக்கைன்னு துரைக்கே அதுக்குப் பொறவுதான் தெரியும்.

எங்க ஐயருக்கு அந்த வித்தை ஒண்ணும் வராது. துரைக்கு முன்னாலயும் ஒரே மூஞ்சி, பனையேறிக்கு முன்னாலயும் அதே மூஞ்சி. அந்த ஒரு மூஞ்சியை வச்சிக்கிட்டு என்ன உத்தியோகம் கிடைக்கும்?

முத மொதல்ல மோரியாவிளையில இருந்தோம். அது ஊரு! ஓட்டு வீடு, வாசல்ல கிணறு, கிணத்துல தண்ணியும் உண்டு. பக்கத்துலயே மிஷன் பங்களா. அதுல வில்மாட் துரையும் துரைசானியும். துரைசானி வியாழக்கிழமை தோறும் ஊர்ப் பொம்பளைகளை வராந்தாவுல உக்கார வச்சு, பிள்ளை வளக்கது எப்பிடின்னு பாடம் எடுப்பாவ. பிள்ளை அழுதா ஒடனே தூக்கக் கூடாது, மடியிலயே போட்டுப் பழக்கினா கெட்டுப் போவும், நேரத்துக்குத்தான் பால் கொடுக்கணும், அப்பிடி இப்பிடின்னு. பனங்காட்டுல இருந்து ஓடியாந்து, மாருல பால் கட்டி, பிள்ளையத் தேடிக்கிட்டு நிக்கவளுக்குச் சொல்லுத பாடம் இது.

ஒரு நாள் பாடம் முடிஞ்சுது. 'கேள்வி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்'னு துரைசானி சொன்னாவ. எல்லாவளும் தலையைக் குனிஞ்சிக்கிட்டா. அது மரியாதையா? கேக்கச் சொன்னா கேக்கணும்லா? நான் எந்திரிச்சேன். 'அம்மா, நீங்க பெத்த மூணையும் சின்னதுலயே கப்பல் ஏத்திச் சீமைக்கு அனுப்பிட்டிய. மடியில போடாம வளத்த பிள்ளை எப்பிடி வளரும்னு நீங்க எந்தப் பிள்ளையப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டிய?'ன்னு கேட்டேன். சந்தேகம் தாயி. அறிவுக்காகக் கேட்டது.

துரைசானி மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துட்டு. எந்திரிச்சு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாவ. அடுத்த வியாழன் பாடம் இல்ல. அதுக்கு அடுத்த வியாழனும் இல்ல. ஒரு கேள்வியத் தாங்காத பாடத்தை எதுக்கு எடுக்கணும்? கொஞ்ச நாள்ல வில்மாட் துரை எங்க ஐயரைக் கூப்பிட்டு விட்டாவ. போயிட்டு வந்து, கை கால் கழுவி, கஞ்சி குடிச்சு முடிச்சிட்டு, 'சாமானைக் கட்டு பாக்கியம், கர்த்தர் வேற ஊருக்கு அழைக்காரு'ன்னாவ. 'கர்த்தருக்கு எங்க சட்டி பானையைக் கட்டச் சொல்லுததுதான் வேலையா?'ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்காவ. அந்த மாத்தலுக்கு என்ன காரணம்னு எனக்கு அப்பப் புரியல. தேவிரக்கம்தான் கோள் மூட்டியிருப்பாருன்னு முடிவு பண்ணினேன்.

அதுக்குப் பொறவு சீலோவாம்புரம். அங்கன பாதி கட்டின கோயில். எங்க ஐயர் வெயில்ல நின்னு, கொத்தனுக்குச் சாந்து எடுத்துக் கொடுத்து, சுவர் பூரா எழுப்பிட்டாவ. கூரைதான் பாக்கி. கைமரமும் ஓடும் தாரேன்னு மோட்சமுத்து முதலாளி வாக்குக் கொடுத்திருந்தாரு. கருப்பட்டி யாவாரி. ஊருல பாதி அவருக்குச் சொந்தம், மீதி அவருக்கு பயம்.

எங்க கோயில்ல அறுப்புப் பண்டிகைன்னு ஒண்ணு உண்டு. அன்னைக்கு அவனவன் வீட்டுல விளைஞ்சது, வளந்தது எதையாவது கொண்டாந்து காணிக்கையா வைப்பான். பூசணிக்கா, முட்டை, கருப்பட்டி, ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிஞ்ச உடனே எல்லாத்தையும் ஏலம் விட்டு அந்தத் துட்டைக் கோயிலுக்கு எடுத்துக்கிடுவாவ. சீலோவாம்புரத்துல அதுல ஒரு வழமை. முத உருப்படி முதலாளி வீட்டுக் கோழி. கொடுக்கதும் அவரு, ஏலத்துல எடுக்கதும் அவரு. வேற எவனும் கேக்கப்பிடாது. அவரு ஒரு விலை சொல்லுவாரு, ஊரு 'ஆஹா'ங்கும், கோழி வந்த வழியே வீட்டுக்குப் போயிரும்.

இந்தச் சட்டத்தை எனக்கு யாரு சொன்னா? எங்க ஐயருக்கு அன்னைக்கு முறைக்காய்ச்சல். போர்வையை உள்ள சுத்தி அதுக்கு மேல அங்கியைப் போட்டுக்கிட்டு, பல்லு தந்தியடிக்க ஆராதனை நடத்தினாவ. கருங்கோழி, நல்லாக் கொழுத்தது. சூப்பு வச்சுக் கொடுத்தாக் காய்ச்சல் தெளியும்னு தோணிச்சு. ஏலம் கூறினாவ, நானும் ஒரு விலை கேட்டேன். பொம்பளைப் பக்கத்துல இருந்து எவளோ என் சீலையைப் பிடிச்சு இழுத்தா. 'யம்மா, உக்காருங்க, அது முதலாளி கோழி'ங்கா. சீலை கிழிஞ்சா அவளா எடுத்துத் தருவா?

முதலாளி திரும்பிப் பாத்தாரு. கோழியைப் பாக்கல, என்னையப் பாத்தாரு. ஏலம் விட்டது கோழியத்தானே? விலையைக் கூட்டினாரு. நானும் கூட்டினேன். அவரு கூட்ட, நான் கூட்ட, ஏலம் விடுத கோயில் உபதேசியாரு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கூற, கோழி ஒரு பக்கம் கொக்கரிக்க. எங்கிட்ட ஏது அவ்வளவு துட்டு? இல்லதான். ஆனாலும் பாதியில விட்டா ஐயருக்கு மரியாதை இல்லலா? கடைசியில கறவை மாட்டு விலைக்கு வந்துட்டு. சரி, போனாப் போவட்டும்னு விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுக்க குணம் எனக்குச் சின்னதுல இருந்தே உண்டு.

அதோட சும்மா உக்காந்திருக்கலாம். ஆனா மனுஷன் அம்புட்டுத் துட்டைக் கொட்டியிருக்காரே, ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா? 'முதலாளி, இது இனிமே பொன் முட்டைதான் போடணும். போட்டா எங்க வீட்டுக்கும் ஒண்ணு கொடுத்து விடுங்க'ன்னேன். கோயிலே சிரிச்சிட்டு. சின்னப் பிள்ளையள்லாம் உருண்டு உருண்டு சிரிக்குது. எங்க ஐயரைப் பாத்தேன். அங்கிக் கையால மூஞ்சியை மூடிக்கிட்டாவ. காய்ச்சலோ என்னமோ, தோளு ரெண்டும் குலுங்குது.

கைமரம் வரல. ஓடும் வரல. முதலாளி வீட்டுல இருந்து ஆளுவ கோயிலுக்கும் வரல. மழைக்காலத்துல மேல கூரை இல்லாம, குடை பிடிச்சிக்கிட்டு ஆராதனை நடத்தினாவ எங்க ஐயர். பொறவு மாத்தல். அவிய எடத்துக்கு யாரு வந்தாருங்கே? தேவிரக்கம் ஐயர்! அவரு காலு வச்ச உடனே கைமரம் வந்து இறங்குது. கூரை போட்டு, பிரதிஷ்டை பண்ணி, வாசல்ல கல்லு வச்சிட்டாவ. கல்லுல யாரு பேரு? தேவிரக்கம். ஒரு தடவை அந்தப் பக்கம் போனப்ப எங்க ஐயர் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு நின்னாவ தாயி. எனக்குன்னா, அந்தக் கல்லைப் பேத்து எடுத்து அம்மியாப் போட்டுக்கிடலாமான்னு இருந்துது. அவிய 'கூரை ஒழுகல பாத்தியா, நல்ல வேலை'ன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டாவ.

அதுல இருந்து ஏலீம்குடியிருப்புதான். தேரிக்குள்ள கிடக்கோம். ஊரு பூரா பனையேறிய. ஒரு மட்டு மரியாதை கிடையாது. சீமோன்னு ஒரு கிழவன், பிரசங்கத்துல தூங்குவான். ஒரு நாள் வாசல்ல வச்சே கேட்டேன், 'ஏ சீமோன், பனை உச்சியில இப்பிடித் தூங்குவியா? பரலோகம் அதை விட உசரம்லா, அங்கன எப்பிடி ஏறுவே?'ன்னு. வேற ஊரா இருந்தாக் கோவிச்சிக்கிடுவான், அப்பவாவது திருந்துவான். இவன் என்ன செஞ்சான்? 'கக்கக்கக்'னு சிரிச்சான். மறுநா விடியக்காலம் ஒரு கலயம் பதனியைக் கொண்டாந்து வச்சிட்டு, 'இன்னைக்கும் ரெண்டு வார்த்தை ஏசுங்கம்மா'ங்கான். கிறுக்குப் பயலுவ ஊரு.

பொம்பளைய அதுக்கு மேல. மத்தியானம் ஆச்சுன்னா ஓலைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க அடுக்களைக்கு வந்துருவாளுவ. 'நேத்து அவளை ஏசினியளாமே, என்னைய ஏசலியே'ன்னு வருத்தப்படுவா ஒருத்தி. ரூத்துன்னு ஒரு பிள்ளை. ஒன்ன மாதிரி வயசு. மொதப் பிள்ளை, இவனை மாதிரிதான் இருக்கும், வாந்திபேதியில போயிட்டு. அடக்கம் பண்ணின சாயங்காலம் என் அடுக்களையில வந்து உக்காந்துட்டா. அழவும் இல்ல. பொறவு மெதுவா, 'யம்மா, ஏதாவது ஏசுங்களேன், கேட்டுக்கிட்டு இருக்கேன்'னா. துக்க வீட்டுக்காரிய எப்பிடி ஏச? நான் அடுப்பை ஏசினேன். விறகை ஏசினேன். தேவிரக்கத்தை ஏசினேன். அவ அப்பதான் சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா. பைத்தியம். இப்பிடிப்பட்ட சனத்துக்கு நடுவுலதான் எங்க ஐயர் இத்தனை வருசமும் வீணாப் போறாவ.

அதைத்தான் இன்னைக்கு அத்தியட்சர் துரைகிட்டப் போட்டு உடைச்சேன். வராந்தா பெஞ்சியில உக்காரச் சொன்னான் பட்லர். 'பெஞ்சியில உக்காந்து சொல்லுத காரியம் இல்ல இது'ன்னேன். துரையே வெளிய வந்து நாற்காலி போடச் சொன்னாவ. ஒண்ணு விடாமச் சொன்னேன். மோரியாவிளை, சீலோவாம்புரம், கல்லு, குடை, தேரி, எல்லாம். இடையில துரை ரெண்டு தடவை வாயைத் தெறந்தாவ, நான் விடல.

முடிச்ச பொறவு துரை கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாவ. அவிய பேசுத தமிழு வேதப்புஸ்தகத் தமிழு. 'அம்மா, பெரிய கோயிலை உம்முடைய புருஷனுக்குக் கொடுக்க நான் முன்னமே இரண்டு முறை மனதாயிருந்தேன். இரண்டு முறையும் அவர் வேண்டாம் என்றார்'னாவ.

எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. துரை நிறுத்தல. 'மோரியாவிளையில் துரைசானி துக்கப்பட்டபோது, அந்தக் கேள்வி என்னுடையது, என் மனைவி என் பொருட்டுக் கேட்டாள் என்றார். கோழியின் காரியத்தில், காய்ச்சல் என்னுடையது, ஆகையால் குற்றமும் என்னுடையது என்றார். அவருடைய பேரில் நாங்கள் அப்படியே எழுதி வைத்தோம். பெரிய கோயிலை ஏன் மறுக்கிறீர் என்று கேட்டேன். பட்டணத்தில் வக்கீல் வீட்டாரும் டாக்டர் வீட்டாரும் இருக்கிறார்கள், அங்கே போனால் என் மனைவி வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்றார். அவள் பேசினால் கோபிக்கிற ஊர்களைப் பார்த்துவிட்டேன், ஏலீம்குடியிருப்பில் சிரிக்கிறார்கள், சிரிக்கிற ஊரிலேயே எங்களை விட்டுவிடும் என்றார்.'

நான் ஒண்ணும் பேசல தாயி. பேச வரல. துரை பயந்துட்டாவ. 'அம்மாவுக்குச் சீக்கிரம் தண்ணீர் கொண்டுவா'ன்னு பட்லரைக் கூப்பிட்டாவ.

எனக்கு வந்தது கோவம். நான் என்ன கூத்தாடியா, ஊரே சிரிக்கதுக்கு? நான் எது சொன்னாலும் நியாயத்தைத்தானே சொல்லுதேன், அதுல சிரிக்க என்ன கிடக்கு? வீட்டுக்குப் போயி அவியள நல்லாக் கேக்கணும்னு வேகமா நடந்தேன். பங்களா கேட்டைத் தாண்டினேன், அழுகை வந்துட்டு. நடுரோட்டுல நின்னு அழுதேன், வண்டிக்காரன்லாம் பாக்கான். எத்தனை வருசம்! ராவும் பகலும் நான் தேவிரக்கத்தை ஏசினேன். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுல்லா இருந்தாவ மனுஷன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அவரு இல்ல பாக்கியம், நாந்தான்'னு சொல்லியிருக்கலாம்லா? சொன்னா நான் வாயை மூடிருவேன்னு பயம் போல.

நீ ஏன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புதே? அழுவுதியா, சிரிக்கியா? ரெண்டுமா? நல்லா இருக்கு.

இரு, வண்டி நிக்கப் போவுது. ஏலீம்குடியிருப்புக்கு இங்கன இறங்கித்தான் மாட்டுவண்டியில போவணும். என் பையை எடு, அந்தத் தண்ணிக் கூசாவையும் எடு. பத்து நாள்னு சொல்லிட்டு வந்தவ, ஆளும் இல்லாம வண்டியும் இல்லாம இந்த வெயில்ல எப்பிடி...

ஏ தாயி, அங்க பாரு. வேப்பமரத்து நிழல்ல. வெள்ளை அங்கி, கக்கத்துல குடை. அவியதான். கூட நிக்கது சீமோன், வண்டியும் கொண்டாந்திருக்கான். நான் இன்னைக்கு வருவேன்னு யாரு சொன்னா? அப்ப நான் எங்க போனேன்னும்... அக்கா மகளுக்குப் போன வருசமே பிள்ளை பொறந்தது ஞாபகம் இருந்திருக்கு. அமுக்கன்! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு!

தாயி, ஒண்ணு சொல்லணும், கேளு. எங்களுக்காக ஒங்க முருகன்கிட்ட வேண்டிக்கிடுதேன்னியே, பெரிய கோயில் வேணும்னு. அதை வேண்டாதே. மறந்தும் வேண்டாதே. கேட்டதைக் கொடுக்கிற சாமின்னுல்லா சொல்லுதாவ, கொடுத்துத் தொலைச்சிட்டா நான் என்ன செய்ய?

பிள்ளையப் பாத்துக்கோ. மடியிலயே போட்டு வள, ஒண்ணும் கெட்டுப் போவாது. மொட்டை போட்ட உடனே தலையில சந்தனம் தடவு, வெயில் பொறுக்காது.

ஏங்க! என்ன அங்கனயே நிக்கிய? உச்சி வெயில்ல குடையைக் கக்கத்துல மடக்கி வச்சிக்கிட்டு நிக்கியளே, அதுக்குக் காய்ச்சல் வந்துரும்னா? பையை வாங்க ஒரு ஆளு வேணும்லா! ஏ சீமோன், ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான் பாரு!

பாத்தியா தாயி, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லத் தொடங்கல. அதுக்குள்ள சீமோன் சிரிக்கான், அந்தக் கொடி பிடிக்க ரயில் கார்டும் சிரிக்கான். எங்க ஐயரும் சிரிக்காவ.

சிரிச்சுத் தொலைக்கட்டும்.